பிஎச்பி: சாவி தொலையாமல் அசோசியேட்டிவ் அரேயை வரிசைப்படுத்துவது எப்படி?

பிஎச்பி என்ற நிரல்மொழியில் பல மதிப்புகளை ஒன்றாக வைக்கும் பட்டியல்தான் அரே; ஒவ்வொரு மதிப்பையும் அடையாளம் காட்டுவது சாவி. சாதாரண அரேயில் 0, 1, 2 என்று எண்களே சாவி. அசோசியேட்டிவ் அரேயில் சாவியை நாம் வைக்கிறோம். பிஎச்பியில் மாறியின் பெயர்கூடத் தமிழில் இருக்கலாம் என்பதால் இப்படியே எழுதிக்கொள்வோம்:

$மதிப்பெண் = ['மறவன்' => 72, 'அமுதன்' => 91, 'மலர்' => 88, 'கவின்' => 65];

படி 1: முதலில், வரிசைப்படுத்தும் சார்ட் ஃபங்ஷனைப் போட்டுப் பாருங்கள். 65, 72, 88, 91 என்று ஒழுங்காகத்தான் வரும். ஆனால் பெயர்களைக் காணோம்! அவை இருந்த இடத்தில் 0 முதல் 3 வரை எண்கள். யாருடைய மதிப்பெண் எது என்று இனிமேல் சொல்ல முடியாது.

படி 2: அதனால் ஏசார்ட். மதிப்பை வைத்து அடுக்கும், சாவியையும் கூடவே நகர்த்தும். கவின் 65, மறவன் 72, மலர் 88, அமுதன் 91. பெரியதிலிருந்து சிறியது வேண்டுமா? ஏஆர்சார்ட். இரண்டு பேருக்கு ஒரே மதிப்பெண் என்றால், பிஎச்பி 8.0 முதல் அவர்கள் பழைய வரிசையிலேயே நிற்பார்கள். அதற்கு முந்தைய பதிப்புகளில் அந்த உத்தரவாதம் கிடையாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த ஃபங்ஷன்கள் எல்லாம் நாம் கொடுத்த அரேயையே மாற்றிவிடும், புதிய அரே எதையும் திருப்பித் தராது. ஏசார்ட் தருவதை மறுபடி $மதிப்பெண் மாறியிலேயே போட்டால், அரே போய் 'ட்ரூ' மட்டும் மிஞ்சும்.

படி 3: சாவியை வைத்து அடுக்க கேசார்ட், தலைகீழாக கேஆர்சார்ட். அவ்வளவுதான்.

படி 4: மதிப்பே இன்னொரு அரேயாக இருந்தால் (ஒவ்வொருவருக்கும் பாடவாரியாக மதிப்பெண் என்பதுபோல) யூஏசார்ட். எதை எதோடு ஒப்பிடுவது என்று நாமே ஒரு ஃபங்ஷன் எழுதித் தர வேண்டும். $அ, $ஆ என்பவை ஒப்பிடப்படும் இரண்டு மதிப்புகள்; நடுவில் இருக்கும் குறி எது சிறியது, எது பெரியது என்று சொல்லும். அந்த ஃபங்ஷனின் உயிர் இந்த ஒரு வரி:

$அ['கணிதம்'] <=> $ஆ['கணிதம்']

இறங்குவரிசைக்கு $அ, $ஆ இரண்டையும் இடம் மாற்றினால் போதும்.

படி 5: தமிழ்ச் சாவிகளுக்கு கேசார்ட்டை நம்ப வேண்டாம். அது அகரவரிசையைப் பார்ப்பதில்லை, எழுத்துகளைக் கணினி சேமிக்கும் எண்களான பைட்டுகளை ஒப்பிடுகிறது. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 'ற' வருவது 'ல'வுக்கு முன்னால். ஆகவே மறவன் மலரை முந்திவிடுவார். நம் அகரவரிசையில் மலர்தானே முதலில்? நாம் தரும் ஃபங்ஷனைக் கொண்டு சாவிகளை அடுக்கும் யூகேசார்ட்டை எடுத்து, ஒப்பிடும் வேலையை, மொழிக்கேற்ற வரிசை தெரிந்த கொலேட்டர் கிளாஸின் கம்பேர் மெத்தடிடம் விடுங்கள். பிஎச்பியின் கூடுதல் தொகுப்பான இன்ட்ல் எக்ஸ்டென்ஷன் இருந்தால்தான் அது ஓடும், எனவே முதலில் பிஎச்பியின் அமைப்புகளைக் காட்டும் பிஎச்பிஇன்ஃபோவில் பார்த்துக்கொள்ளுங்கள்.