வெளிநாட்டில் மருத்துவம் படிக்கிறீர்களா? எஃப்எம்ஜிஇ தேர்வுக்கு அங்கிருந்தே தயாராவது எப்படி

ஜார்ஜியா, ரஷ்யா, பிலிப்பைன்ஸ் என்று எங்கே படித்தாலும், ஊருக்கு வந்து டாக்டராக வேலை பார்க்க எஃப்எம்ஜிஇ (வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வு) பாஸ் செய்ய வேண்டும். ஒரே நாளில் 300 கேள்விகள். 150 கேள்விகளாக இரண்டு பகுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். 150 மதிப்பெண் எடுத்தால் பாஸ். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள்.

பலரும் ஊர் திரும்பி கோச்சிங் சேர்ந்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்கிறார்கள். மூன்றாம் வருடத்திலேயே தொடங்குங்கள் என்பேன்.

1. முதலில் பேப்பர்கள்

நீங்கள் 2021 நவம்பர் 18-க்குப் பிறகு சேர்ந்தவரா? அப்படியென்றால் படிப்பு குறைந்தது 54 மாதம், பாடமொழி ஆங்கிலம், அதே கல்லூரி வழியாக 12 மாத இன்டர்ன்ஷிப், அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதி எல்லாம் இருக்க வேண்டும். ஏஜென்ட் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிமுறையை நீங்களே ஒரு முறை படியுங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. பிளஸ் டூ மார்க் ஷீட்டில் 'செல்வி கா', பாஸ்போர்ட்டில் 'செல்வி காளிமுத்து' என்று இருக்கும். கல்லூரி பாஸ்போர்ட்டைப் பார்த்து டிகிரியை அச்சடித்துவிடும், மார்க் ஷீட்டோடு பெயர் ஒத்துப்போகாது. இன்றே எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். டிகிரி கைக்கு வந்ததும் இந்தியத் தூதரகச் சான்றொப்பமோ அப்போஸ்டிலோ (ஆவணம் உண்மையானது என்று அந்த நாட்டு அரசு தரும் சான்று) வாங்கிக்கொள்ளுங்கள்.

2. மார்க் எங்கே இருக்கிறது?

உடற்கூறியல் முதல் தடயவியல் வரையான அடிப்படைப் பாடங்கள் மொத்தம் 100. மீதி 200-இல் பொது மருத்துவமும் அதன் கிளைகளும் 48, அறுவை சிகிச்சையும் அதன் கிளைகளும் 47, மகப்பேறு 30, சமூக மருத்துவம் 30. குழந்தை நலம், கண், காது மூக்கு தொண்டை தலா 15.

3. அங்கே சொல்லித்தராத இந்தியப் பாடம்

நான் முதல் முறை 12 மார்க்கில் கோட்டை விட்டேன். பொது மருத்துவம் நன்றாகவே தெரியும். தடுப்பூசி அட்டவணையும் தேசியக் காசநோய்த் திட்டமும் தெரியாது. சமூக மருத்துவம் 30, தடயவியல் 10. இந்த 40 மார்க்கில் பெரும்பகுதி இந்தியாவுக்கே உரியது. உங்கள் பேராசிரியர் இதை நடத்த மாட்டார், நீங்களாகத்தான் படிக்க வேண்டும்.

எளிய வழி ஒன்று சொல்கிறேன். வீட்டில் கைக்குழந்தை உள்ள அக்காவிடம் தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பிறந்தவுடன் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி. 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி). 9 மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா. அந்தக் குழந்தையின் முகத்தோடு சேர்ந்து அட்டவணை மனதில் நின்றுவிடும்.

பாம்புக்கடியும் அப்படித்தான். கட்டுவிரியன் ராத்திரி தூங்கும்போது கடிக்கும், வலி அவ்வளவாக இருக்காது, அப்புறம் இமை சரியும், மூச்சு திணறும். கண்ணாடி விரியன் என்றால் வீக்கம், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு. சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் வகை விஷம் என்று சந்தேகிக்கலாம். ஐரோப்பிய வார்டில் இதைப் பார்க்க வாய்ப்பு மிகக் குறைவு.

தடயவியலுக்குப் பழைய நோட்ஸ் வாங்கினால் கவனம். 2024 ஜூலை 1 முதல் சட்டம் மாறிவிட்டது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான தண்டனைப் பிரிவு 302, அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103.

4. தினசரிப் பழக்கம்

கல்லூரியில் எந்த வார்டு போஸ்டிங்கோ, அன்று ராத்திரி அதே பாடத்தில் 30 கேள்விகள். தப்பானவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை மட்டும் படித்தால் போதும்.

5. கடைசி இரண்டு மாதம்

வாரம் ஒரு முழு மாதிரித் தேர்வு, உண்மையான நேரக் கணக்கில். கேள்விக்கு ஒரு நிமிடம்தான். தெரியாததைக் குறித்துவைத்து நகருங்கள், கடைசியில் ஒன்றைக்கூட விடாமல் விடை கொடுங்கள்.

பாஸ் ஆனதும் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, அதன் பிறகு இங்கே ஒரு வருட இன்டர்ன்ஷிப். அதற்கும் இதே பேப்பர்கள்தான் வேண்டும், ஒரிஜினல்களை ஒரே ஃபைலில் வையுங்கள்.