பொன்னாடை போட்டால் முடிந்ததா? அறிவியல் நூலகர் சங்கப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் நூலகர் சங்கங்களை நடத்துவது சம்பளம் வாங்காத கைகள்தான். பகலில் ஆய்வகத்திலோ பல்கலைக்கழகத்திலோ மருத்துவக் கல்லூரியிலோ வேலை. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சங்க வேலை. 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கமும் சரி, 1955இல் கொல்கத்தாவில் சிறப்பு நூலகங்களுக்கென்று பிறந்த இயாஸ்லிக் சங்கமும் சரி, இப்படி நேரம் கொடுத்தவர்களால் நின்றவை. பல சங்கங்களில் அந்த உழைப்புக்கு ஆண்டு முடிவில் கிடைப்பது ஒரு பொன்னாடையும் “சிறப்பாகப் பங்காற்றினார்” என்று அச்சடித்த ஒரு தாளும்தான். பாராட்ட மனம் இல்லாமல் இப்படி நடப்பதில்லை. வேலையை ஒப்படைத்த நாளில் யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. ஆண்டு முடிவில் யார் எதைச் செய்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே சொல்லும் தவறுகளில் பல அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

“நீங்க பார்த்துக்கோங்க”

செயற்குழுக் கூட்டத்தில் அதிகம் காதில் விழும் வாக்கியம் இது. ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்காக மத்திய அரசே ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் அதில் அடங்கும். உறுப்பினர் நூலகங்கள் தனியாகக் காசு கட்டி வாங்கும் இதழ்களில் எவை அதற்குள் வந்துவிட்டன என்று ஒரு கூட்டுப் பட்டியல் தயாரிக்கச் சங்கம் முடிவு செய்கிறது என்று வையுங்கள். 1,200 தலைப்புகள், ஆறு தன்னார்வலர்கள், ஆளுக்கு 200.

“சும்மா ஒரு எக்செல்தானே, பதினைந்து நாளில் முடித்துவிடலாம்” என்று தலைவர் சொல்வார். ஒரு தலைப்புக்கு அச்சு ஐஎஸ்எஸ்என் (இதழை அடையாளம் காட்டும் எண்), மின் ஐஎஸ்எஸ்என், பதிப்பகம், எந்த ஆண்டிலிருந்து முழுக்கட்டுரை கிடைக்கிறது, பெயர் மாறியிருக்கிறதா என்று எல்லாம் பார்க்க நான்கு நிமிடம் ஆகும் என்றாலும், 200 தலைப்புக்கு 800 நிமிடம். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவருக்கு இது ஏழு வார வேலை. பதினைந்தாம் நாள் வேலை முடிந்திருக்காது. அவர் வாட்ஸ்அப் குழுவில் பதில் போடுவதை நிறுத்திவிடுவார். “அவர் சரியா செய்யல” என்று பேச்சு கிளம்பும். கணக்குப் போடாமல் வேலை கொடுத்தவர் பெயர் அந்தப் பேச்சில் வராது.

தரமும் இதே இடத்தில்தான் கெடும். ஐஎஸ்எஸ்என்னை நடுக்கோடு இல்லாமல் அடித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும். ஒருவர் அச்சு எண்ணைப் போட்டிருப்பார், அடுத்தவர் மின் எண்ணை. இரண்டு தாளையும் சேர்க்கும்போது ஒரே இதழ் இரண்டு வரியில் நிற்கும். எனவே முதல் இருபது தலைப்பை எல்லோரும் ஒரே மாதிரி செய்து காட்டிய பிறகே மீதியைப் பிரித்துக் கொடுங்கள்.

ஒப்படைக்கும்போது அரைப் பக்கத் தாள் ஒன்று போதும்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், எந்தத் தேதிக்குள், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது, பாதியில் விலகினால் யாரிடம் ஒப்படைப்பது. கடைசி வரியை எழுதக் கூச்சப்படுகிறார்கள், கூச்சமே வேண்டாம். விலக வழி இருப்பது தெரிந்தால்தான் பலர் வேலையை எடுக்கவே முன்வருவார்கள். அந்தத் தாள்தான் பின்னால் சான்றிதழுக்கும் விருதுக்கும் ஆதாரம்.

ஒரே சான்றிதழை எல்லோருக்கும் அடிப்பது

கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளுக்கு இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை, நாற்பது பேர். நாற்பது மடிக்கணினியிலும் அன்று காலையில் நிறுவத் தொடங்கினால் முதல் அரை நாள் போய்விடும். அதனால் முந்தைய வாரமே மெய்நிகர் கணினிக் கோப்பைத் தயார் செய்து, பென் டிரைவில் ஏற்றி, மாதிரி மார்க் பதிவுகளையும் (கணினி படிக்கும் நூற்பட்டியல் பதிவுகள்) போட்டுச் சோதித்து வைக்க வேண்டும். வகுப்பில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் நால்வர் பின்னால் நின்று, திரை உறைந்தவர்களுக்கு உதவ வேண்டும். மேடையில் பாடம் எடுத்தவருக்குப் பொன்னாடை கிடைக்கிறது. பின்னால் நின்ற நால்வருக்கும், பங்கேற்ற நாற்பது பேருக்குக் கொடுத்த அதே “பங்கேற்புச் சான்றிதழ்”.

இது மனக்கசப்போடு நிற்பதில்லை. பல்கலைக்கழக, கல்லூரி நூலகர்களின் பதவி உயர்வுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறையில் கருத்தரங்கு, பட்டறை நடத்துவதும் மதிப்பீட்டுக்கு உரிய வேலைகளில் ஒன்று. பங்கேற்றதாகச் சொல்லும் தாள் அந்த இடத்தில் பயன்படாது. நடத்தியதாகச் சொல்ல வேண்டும். “இவர் இப்பட்டறையில் ஆர்வத்துடன் பங்குகொண்டமைக்காக வழங்கப்படுகிறது” என்பதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: “இவர் இப்பட்டறையின் ஒருங்கிணைப்புக் குழுவில் இருந்து, 40 பங்கேற்பாளர்களுக்கான மென்பொருள் தொகுப்பைத் தயாரித்தார், இரண்டு நாளும் செய்முறை அமர்வுகளில் பயிற்றுநராகப் பணியாற்றினார், மொத்தம் 26 மணி நேரம்.” தேதி, இடம், சங்கப் பதிவு எண், செயலாளர் கையொப்பம். மூன்றே வரிதான், ஆனால் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

பெயர் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. முதலெழுத்து முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், சிலருக்கு விரித்து எழுதியிருக்கும். பணிப்பதிவேட்டில் உள்ளபடி பெயரைக் கேட்டு வாங்கிய பிறகு அச்சுக்குக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் தெரியும் பெயரைப் பார்த்து அடித்த சான்றிதழ்களைத் திருப்பி அடித்துத் தரும் வேலை, அடுத்த செயலாளர் தலையில் விழும்.

யார் என்ன செய்தார் என்று சொல்ல நம் துறையிலேயே ஒரு கருவி இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் ஒவ்வொருவரின் பங்கையும் குறிக்கும் ‘கிரெடிட்’ வகைப்பாடு. மொத்தம் 14 பங்குகள், 2022இல் அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஆனது. தரவு ஒழுங்கமைப்பு, மென்பொருள், சரிபார்ப்பு, திட்ட நிர்வாகம் என்று அதில் உள்ள பெயர்களை அப்படியே சங்க அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பயன்படுத்தலாம். பயிற்சிக் கையேட்டைத் தயாரித்தவர்கள் பெயரோடு செனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றினால் செலவில்லாமல் டிஓஐ, அதாவது நிலையான மின் அடையாள எண், கிடைக்கும். மேற்கோள் காட்டக்கூடிய வெளியீடாகிவிடும். விஞ்ஞானிகளை உட்கார வைத்து ஆர்கிட் (ஆய்வாளர் அடையாள எண்) கணக்குத் திறந்து கொடுக்கும் நூலகர்களில் எத்தனை பேர் தங்கள் கணக்கில் ‘உறுப்பினர் மற்றும் சேவை’ பகுதியை நிரப்பியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் காலி.

அனுமதி வாங்காமல் பொறுப்பேற்பது

மத்திய அரசின் ஆய்வகங்களில், நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் தெரிந்தே ஆக வேண்டிய பகுதி இது. மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள் (1964) உங்களுக்குப் பொருந்துமானால், 15ஆம் விதிப்படி முன் அனுமதி இல்லாமல் எந்த அமைப்பிலும் தேர்தல் வழியாக வரும் பதவியை வகிக்கக் கூடாது. அந்தப் பதவிக்கு நிற்பவருக்காக ஆதரவு திரட்டவும் கூடாது. “சங்கம்தானே, அரசியலா?” என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. பதிவு பெற்ற அறிவியல், இலக்கியச் சங்கத்தின் நிர்வாகத்தில் தேர்தல் பதவி இல்லாமல் பங்கெடுக்கலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மனுத்தாக்கல் செய்யும் நாளுக்கு முன்பே அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். போட்டியின்றித் தேர்வாகிவிட்டோம் என்பது விலக்கு ஆகாது.

12ஆம் விதி இன்னும் அதிகம் மறக்கப்படுவது. அனுமதி இல்லாமல் நிதி திரட்டக் கூடாது. பொருளாக வாங்குவதும் அதில் அடங்கும். கருத்தரங்கு நெருங்கும்போது “உங்களுக்குத்தான் எல்லா விற்பனைப் பிரதிநிதிகளையும் தெரியுமே, ஒரு போன் போடுங்க” என்று சங்கம் கேட்கும். கேட்கப்படுபவர் அதே நிறுவனத்திடம் தரவுத்தளம் வாங்குவதற்கான கொள்முதல் குழுவில் இருப்பவர். பை, பேனா, மதிய உணவு என்று சின்னதாகத் தோன்றும். அடுத்த ஆண்டு தணிக்கையில் அந்தப் பை பெரிதாகத் தெரியும். நன்கொடைக் கடிதம் சங்கப் பொருளாளர் பெயரில் போகட்டும், காசு சங்கக் கணக்குக்கு வரட்டும், கொள்முதலில் கையெழுத்துப் போடுகிறவர் அந்தக் கடிதப் போக்குவரத்திலேயே வேண்டாம்.

மாநில அரசுப் பணியாளர்களுக்குத் தனி விதிகள் உண்டு; தன்னாட்சி நிறுவனங்களும் தனியார் கல்லூரிகளும் தங்கள் பணி விதிகளில் சொல்லியிருக்கும். சங்கம் செய்ய வேண்டியது எளிது: வேட்புமனுப் படிவத்திலேயே “அலுவலக அனுமதி பெற்றுள்ளேன் / தேவையில்லை” என்று ஒரு கட்டம் வையுங்கள்.

விருதில் சறுக்கும் இடங்கள்

பாராட்டுகளில் அதிகச் சண்டை கொண்டுவருவது விருதுதான். விதி எழுதாமல் விருதை அறிவிப்பது முதல் தவறு. ‘சிறந்த அறிவியல் நூலகர்’ என்றால் எதில் சிறந்தவர்? தன் நூலகத்தை நன்றாக நடத்தியவரா, சங்கத்துக்கு உழைத்தவரா, ஆய்வுக் கட்டுரை எழுதியவரா? மூன்றையும் ஒரே விருதில் போட்டால் கட்டுரை எண்ணிக்கை ஜெயித்துவிடும், எண்ணுவதற்கு எளிது என்பதால். தன்னார்வப் பணிக்கான விருது தனியாக இருக்கட்டும். நூறு மதிப்பெண் என்றால், சங்கத்துக்காகச் செய்த வேலைக்கு 40, அந்த வேலையால் உறுப்பினர்களுக்குக் கிடைத்த பலனுக்கு 40, இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததற்கு 20 என்று பிரிக்கலாம். இந்தப் பிரிவை அறிவிப்பிலேயே போடுங்கள். பரிந்துரைகள் வந்து சேர்ந்த பிறகு மாற்றாதீர்கள்.

நடுவர் மூவர் போதும், ஒருவர் சங்கத்துக்கு வெளியே இருந்து. மூவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு அனுப்பிய பிறகுதான் சேர்ந்து பேச வேண்டும். முதலிலேயே கூடிப் பேசினால் மூத்தவர் வாயைத் திறந்ததும் மற்ற இருவர் பேனாவும் அந்தப் பக்கம் சாயும். பரிந்துரைக்கப்பட்டவர் நடுவரின் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், அவரிடம் முனைவர் பட்டம் செய்தவர், உடன் கட்டுரை எழுதியவர், உறவினர் என்றால் அந்த நடுவர் அந்தப் பெயருக்கு மட்டும் விலகி, அது கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும். நம் துறை சிறியது. ஒருவருக்கொருவர் தெரியாதவர்களைத் தேடினால் ஆள் கிடைக்காது. விலகியதை எழுதி வைப்பதுதான் நடக்கக்கூடிய வழி.

பொறுப்பில் இருக்கும் செயற்குழு உறுப்பினருக்கு விருது கொடுக்காதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி செயற்குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. இறங்கி ஓராண்டு கழித்துக் கொடுத்தால் யாருக்கும் குறை இருக்காது.

சுயமாக விண்ணப்பிப்பதை இழிவாகப் பார்ப்பதும் தவறுதான். “தானே கேட்டு வாங்குறதா?” என்று மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் நூலக உதவியாளரையும் ஒப்பந்த ஊழியரையும் அவர்களின் மேலதிகாரி பரிந்துரைப்பது அபூர்வம், பெரும்பாலும் அந்த வேலை மேலதிகாரியின் பெயரிலேயே போயிருக்கும். ஆயுள் உறுப்பினருக்கு மட்டும்தான் விருது என்ற விதியும் இவர்களைத்தான் வெளியே நிறுத்துகிறது.

ரொக்கப் பரிசு அறிவிக்கும் முன், வாங்குபவர் வாங்க முடியுமா என்று பாருங்கள். மத்திய அரசு ஊழியர் தனியார் அமைப்பின் விருதை ஏற்க முன் அனுமதி தேவை. ரொக்கமோ வசதிகளோ சேர்ந்த விருதுக்கு அனுமதி கிடைக்காது. 2024இல் பணியாளர் துறை இதை மறுபடியும் வலியுறுத்தியது. மேடையில் காசோலையைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் திருப்பி வாங்குவது இரு தரப்புக்கும் சங்கடம். அந்தத் தொகையை அவர் பெயரில் ஓர் இளைய நூலகரின் பயிற்சிச் செலவாக வைக்கலாம்.

தகுதியானவர் இல்லையென்றால் ‘இந்த ஆண்டு விருது இல்லை’ என்று சொல்ல விதியில் இடம் வையுங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு கேடயம் கொடுக்கும் சங்கத்தில் பதின்மூன்றாவது ஆளுக்கு மட்டும்தான் வருத்தம் என்று நினைக்காதீர்கள். வாங்கிய பன்னிரண்டு பேரும் அதை அலமாரியில் பின்வரிசையில்தான் வைக்கிறார்கள்.

பணம் கட்டினால் கிடைக்கும் விருதைப் பற்றி இரண்டே வரி. ‘பதிவுக் கட்டணம்’ செலுத்தினால் ‘ஆண்டின் சிறந்த நூலகர்’ ஆக்குவதாக மின்னஞ்சல் வரும். போலி ஆய்விதழ்களைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவர்கள் இதில் விழுவது வேடிக்கைதான். அதே கேள்விகளைக் கேட்டாலே போதும்: நடுவர்கள் யார், காசு யாருக்குப் போகிறது?

செய்தவருக்கே மேலும் மேலும் கொடுப்பது

ஒருவர் செய்திமடலை நன்றாகக் கொண்டுவந்தால் அடுத்து வலைத்தளம், அதற்கடுத்து கருத்தரங்குத் தொகுப்பு. மூன்றாவது ஆண்டில் அவர் காணாமல் போவார். ஒருவருக்கு ஒரே நேரத்தில் ஒரு பொறுப்பு, இரண்டு ஆண்டு, கடைசி ஆறு மாதம் அடுத்தவர் கூடவே இருந்து பழகட்டும். பேருந்து, ஆட்டோ, நகல் எடுத்த செலவை ரசீது வாங்கிக் கொடுத்துவிடுங்கள். “சேவைதானே” என்று விட்டால், கைக்காசு செலவழிக்க முடிந்தவர்கள் மட்டுமே சங்கத்தில் மிஞ்சுவார்கள்.

செயலாளரின் ஜிமெயிலில் சங்கம் குடியிருப்பது

உறுப்பினர் பட்டியல், வலைத்தளக் கடவுச்சொல், காணொளிக் கூட்டக் கணக்கு, கருத்தரங்குத் தொகுப்பின் மூலக்கோப்பு எல்லாம் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில். அவர் மாற்றலாகிப் போனாலோ ஓய்வு பெற்றாலோ யார் எந்த ஆண்டில் என்ன செய்தார் என்ற பதிவும் கூடவே போய்விடும். பிறகு வெள்ளிவிழா மலருக்குப் பழைய தன்னார்வலர் பெயர்களை நினைவிலிருந்து எழுதுவார்கள், பாதிப் பேர் விடுபடுவார்கள். சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல், இருவரிடம் கடவுச்சொல், பொறுப்பு மாறும் நாளில் இருவர் முன்னிலையில் மாற்றிய புதிய கடவுச்சொல். ஒப்படைப்புத் தாளில் இறங்குகிறவர், ஏறுகிறவர் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் கூட்டக் குறிப்பேட்டில் ஒட்டப்பட வேண்டும். தன்னார்வலர்களின் அந்த அரைப் பக்கத் தாள்களையும் ஆண்டுவாரியாக ஒரே கோப்புறையில் போட்டுவிடுங்கள். பட்டியலிடுவதும் வரிசைப்படுத்துவதும் நமக்குத் தெரியாத வேலையா என்ன?