பைத்தான் இணைய முகவரியை எங்கே தவறாகப் பிரிக்கிறது? படிப்படியாகச் சோதித்துப் பார்ப்போம்

பயனர் தரும் இணைய முகவரியை வாங்கி, அது எந்தத் தளத்துக்குப் போகிறது என்று பார்த்து, அனுமதிப்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் நிரலை எழுத உட்கார்ந்தால், பைத்தானின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் உள்ள யுஆர்எல்லிப்.பார்ஸ் தொகுதிதான் முதலில் கைக்கு வரும். அதிலுள்ள யுஆர்எல்ஸ்பிளிட் செயற்கூறு, இணைய முகவரியின் அமைப்பை வரையறுக்கும் ஆர்எஃப்சி 3986 ஆவணம் வகுத்த முறையை ஏறக்குறைய ஒட்டி, ஒரு சரத்தை ஐந்து துண்டுகளாக வெட்டித் தருகிறது. வெட்டித் தருவது மட்டுமே அதன் வேலை. அந்தச் சரம் சரியான முகவரிதானா என்று அது சோதிப்பதில்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விடும் இடத்தில்தான் பாதுகாப்புக் குறைகள் முளைக்கின்றன.

படி 1: சோதனைக்கு ஆயத்தம்

முனையத்தில் பைத்தானைத் திறந்து, முதலில் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் விடைகளில் பல, பதிப்பைப் பொறுத்து மாறும். பிறகு அந்தத் தொகுதியிலிருந்து யுஆர்எல்ஸ்பிளிட்டையும், வினவல் பகுதியைப் பிரிக்கும் பார்ஸ்_கியூஎஸ் செயற்கூற்றையும் இறக்குமதி செய்யுங்கள்.

எடுத்துக்காட்டுகளில் 'பரிட்சை' என்ற மேல்நிலைப் பெயரை ('.com' போலத் தளப்பெயரின் இறுதியில் வருவது) பயன்படுத்துகிறேன். தமிழ் எழுத்தில் தளப்பெயர்கள் இயங்குமா என்று பார்ப்பதற்காக 2007-இல் உருவாக்கப்பட்ட சோதனைப் பெயர் அது. முகவரிகளை எச்டிடிபி முன்னொட்டு இல்லாமல் இரட்டைச் சாய்கோட்டிலிருந்தே தொடங்குகிறேன்; யுஆர்எல்ஸ்பிளிட் இந்த வடிவையும் ஏற்றுக்கொள்ளும்.

'//நமது.பரிட்சை/பக்கம்?அ=1' என்ற சரத்தைக் கொடுத்தால், நெட்லொக் (தளம்) துண்டில் 'நமது.பரிட்சை', பாத் (பாதை) துண்டில் '/பக்கம்', குவெரி (வினவல்) துண்டில் 'அ=1' என்று விடை வரும். ஹோஸ்ட்நேம் என்ற பண்பைத் தனியாகக் கேட்டால், போர்ட் எண்ணும் (சேவையகத்தின் எந்த வாயிலில் நுழைவது என்று காட்டும் எண்) பயனர் பெயரும் நீக்கப்பட்ட ஹோஸ்ட் பெயர், அதாவது தளப்பெயர், மட்டும் கிடைக்கும். நம் சோதனை முழுவதும் இந்தப் பண்பைச் சுற்றியே நடக்கும்.

படி 2: சாய்கோடுகளை எடுத்துவிடுங்கள்

இப்போது 'நமது.பரிட்சை/பக்கம்' என்று மட்டும் கொடுத்துப் பாருங்கள். முழுச் சரமும் பாத் துண்டுக்குப் போய்விடும். ஹோஸ்ட்நேம் 'None' என்ற வெற்று மதிப்பாக இருக்கும். இது பிழையன்று, விதிப்படியான நடத்தை. ஆனால் 'தடைப் பட்டியலில் இந்த ஹோஸ்ட் இருக்கிறதா?' என்று கேட்கும் நிரலுக்கு 'இல்லை' என்ற விடை கிடைத்துவிடுகிறது.

ஆங்கில எழுத்தில் ஒரு தளப்பெயரும் அதன்பின் ':80' என்பதும் மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் குழப்பமானது. பதிப்பு 3.9 முதல், முக்காற்புள்ளிக்கு முன்னுள்ள பெயரே எச்டிடிபி போல முகவரியின் தொடக்கத்தில் வரும் ஸ்கீமாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு முன் முழுச் சரமும் பாத் ஆக இருந்தது. இந்த மாற்றத்தை 3.8.1, 3.7.6 ஆகிய சிறு பதிப்புகளிலும் சேர்த்துவிட்டு, பழைய நிரல்கள் உடைந்ததால் அடுத்த பதிப்புகளிலேயே திரும்பப் பெற்றார்கள். முகவரி பிரிக்கும் நிரலைத் திருத்துவது ஏன் எளிதில்லை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்றை நான் கண்டதில்லை.

படி 3: முன்னால் ஒரு வெற்றிடம்

'//அயல்.பரிட்சை/' என்பதற்கு முன்னால் ஓர் இடைவெளியைச் சேர்த்துக் கொடுங்கள். பதிப்பு 3.11.4 அல்லது அதற்குப் பிந்தையதில் ஹோஸ்ட்நேம் சரியாக வரும். அதற்கு முந்தைய 3.11 பதிப்புகளில், சரம் சாய்கோட்டில் தொடங்கவில்லை என்ற காரணத்தால், எல்லாமே பாத் துண்டில் விழுந்து, ஹோஸ்ட்நேம் வெற்றாக வரும். இதுவே, பாதுகாப்புக் குறைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-24329 என்று பதிவான குறை.

இதில் கவனிக்கத்தக்கது என்னவென்றால், முகவரியைப் போய்த் திறக்கும் யுஆர்எல்லிப்.ரிக்வெஸ்ட் தொகுதி, தனக்குக் கிடைக்கும் சரத்தின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தைத் தானே நீக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. ஆகவே, தடைப் பட்டியலைப் பார்க்கும் வரியில் ஹோஸ்டே இல்லாத சரம், அதே நூலகத்தின் இன்னொரு மூலையில் முழு முகவரியாக உயிர்பெற்று, தடுக்கப்பட்ட தளத்தையே சென்று திறந்தது. பிரிப்பான் ஒன்று தனியாகத் தவறுவதைவிட, ஒரே சரத்தை இரண்டு பிரிப்பான்கள் இரண்டு விதமாகப் படிப்பதுதான் பெரிய ஆபத்து. இனி வரும் ஒவ்வொரு படியிலும் 'இதை வேறு யார், எப்படிப் படிப்பார்கள்?' என்று கேட்டுக்கொண்டே செல்லுங்கள்.

படி 4: பின்சாய்கோடும் @ குறியும்

'//அயல்.பரிட்சை\@நமது.பரிட்சை/' என்ற சரத்தைக் கொடுங்கள். பைத்தான் சரத்துக்குள் பின்சாய்கோட்டை இருமுறை தட்டச்சு செய்ய வேண்டும். ஹோஸ்ட்நேம் 'நமது.பரிட்சை' என்று வரும். கடைசி @ குறிக்கு முன்னுள்ள அனைத்தையும் பயனர் பெயர் என்று பைத்தான் கொள்வதே காரணம்.

உலாவிகளோ டபிள்யூஎச்ஏடிடபிள்யூஜி (WHATWG) என்ற இணையத் தரக் குழுவின் முகவரித் தரத்தைப் பின்பற்றுகின்றன. எச்டிடிபி போன்ற முகவரிகளில் பின்சாய்கோட்டை முன்சாய்கோடாகவே படிக்க வேண்டும் என்பது அதன் விதி. எனவே அதே முகவரியை உலாவியில் திறந்தால் அது 'அயல்.பரிட்சை' தளத்துக்குப் போகும். உள்நுழைந்த பயனரை 'நம் தளத்துக்குள் மட்டும்' திருப்பியனுப்ப எழுதிய சோதனை இந்த ஓர் எழுத்தில் தோற்றுவிடும். எந்தப் பதிப்பிலும் இது திருத்தப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு தரங்களும் இங்கே உண்மையிலேயே முரண்படுகின்றன.

இதன் உறவுக்காரக் குறை ஒன்று 2019-இல் வெளியானது. '//நமது.பரிட்சை＃@அயல்.பரிட்சை/' என்பதில் உள்ள ＃ சாதாரண எண்குறி அன்று. கிழக்காசிய எழுத்துருக்களுக்கான முழு அகல வடிவம். ஒரே எழுத்தின் வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கத்தில் அது சாதாரண # ஆக மாறி, ஹோஸ்ட் பெயரையே மாற்றிவிடும். பதிப்பு 3.7.3 முதல் பைத்தான் இதற்கு வேல்யூஎரர் (மதிப்பு தவறு என்னும் பிழை) எழுப்புகிறது.

படி 5: போர்ட் எண்

'//நமது.பரிட்சை:99999/' என்று கொடுத்தால் யுஆர்எல்ஸ்பிளிட் சலனமின்றி விடை தரும். போர்ட் பண்பைக் கேட்கும் அந்தக் கணத்தில்தான், எண் 0 முதல் 65535 வரையிலான எல்லைக்குள் இல்லை என்று வேல்யூஎரர் எழும். ஆகவே பிரிக்கும் வரியை மட்டும் பிழையைப் பிடிக்கும் டிரை தொகுப்புக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது போதாது.

தமிழ் எண்களைப் பழகியவர்களுக்கு ஒரு வேடிக்கை: போர்ட் இடத்தில் ':௮௦' என்று எழுதிப் பாருங்கள். பைத்தானின் இன்ட் செயற்கூறு யூனிகோடில் உள்ள எல்லா எழுத்து முறைகளின் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களையும் ஏற்பதால், பழைய பதிப்புகள் இதை 80 என்றே படித்தன. புதிய பதிப்புகள் வேல்யூஎரர் தருகின்றன.

படி 6: அரைப்புள்ளி

பார்ஸ்_கியூஎஸ் செயற்கூற்றுக்கு 'அ=1;ஆ=2' என்று கொடுங்கள். முன்பு இது இரண்டு தனி மதிப்புகளாகப் பிரிந்தது; எச்டிஎம்எல் 4 காலத்தில் அரைப்புள்ளியையும் பிரிப்புக் குறியாக ஏற்கும்படி பரிந்துரைத்திருந்ததே அதன் மூலம். ஆனால் இடையில் நின்று பக்கங்களின் நகலைச் சேமித்துத் தரும் கேஷ் சேவையகம் & குறியை மட்டும் ஏற்றால், அது ஒரு மதிப்பாகக் காண்பதைப் பயன்பாடு இரண்டாகக் காணும்; தாக்குபவர் இந்த இடைவெளியில் புகுந்து கேஷில் தவறான பக்கத்தைச் சேமிக்க வைக்கலாம். சிவிஇ-2021-23336 என்ற இக்குறை 3.9.2, 3.8.8 பதிப்புகளில் திருத்தப்பட்டது; இப்போது 'அ' என்ற ஒரே பெயருக்கு '1;ஆ=2' என்ற மதிப்பு வரும்.

படி 7: காவல் செயற்கூறு எழுதுதல்

முதல் வரியிலேயே, பிரிப்பதற்கு முன், சரத்தில் பின்சாய்கோடோ, வெற்றிடமோ, கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்தோ இருந்தால் மறுத்துவிடுங்கள். அவற்றைச் சுத்தம் செய்து ஏற்க முயலாதீர்கள். சுத்தம் செய்வதும் ஒரு வகைப் பிரித்தலே, அதிலும் கருத்து வேறுபாடு வரும். அடுத்து, யுஆர்எல்ஸ்பிளிட்டையும் ஹோஸ்ட்நேம், போர்ட் பண்புகளையும் ஒரே டிரை தொகுப்புக்குள் வாசித்து, வேல்யூஎரர் எழுந்தால் மறுங்கள். ஸ்கீம் எச்டிடிபிஎஸ் ஆக இல்லையென்றாலும், ஹோஸ்ட்நேம் வெற்றாக இருந்தாலும், பயனர் பெயர் ஒன்று இருந்தாலும் மறுங்கள்.

ஹோஸ்ட் பெயரைத் தடைப் பட்டியலோடு ஒப்பிடுவதைக் கைவிட்டு, அனுமதிப் பட்டியலோடு முழுச் சமமாக ஒப்பிடுங்கள். '2130706433' என்ற எண்ணைப் பல நிரல்கள் 127.0.0.1 (நிரல் ஓடும் அதே கணினியின் முகவரி) என்றே படிக்கும். இறுதியில் ஒரு புள்ளி சேர்ந்த 'அயல்.பரிட்சை.' என்பதும் அதே தளத்தையே குறிக்கும். தடைப் பட்டியலில் இத்தனை வடிவங்களையும் எழுதி முடிக்க இயலாது. 'நமது.பரிட்சை' என்று முடிகிறதா என்று மட்டும் பார்ப்பதும் பிழை; 'பொய்நமது.பரிட்சை' அப்படியே முடிகிறது.

எல்லாச் சோதனையும் கடந்த பின், பயனர் தந்த மூலச் சரத்தை அடுத்த கட்டத்துக்கு அனுப்பாமல், சரிபார்த்த துண்டுகளைக் கொண்டு முகவரியைப் புதிதாகக் கட்டி அதையே அனுப்புங்கள். நீங்கள் திறக்கும் தளம் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டால், அந்தப் புதிய முகவரியும் இதே செயற்கூற்றின் வழியாகத்தான் செல்ல வேண்டும். ஆகவே தானாகத் திருப்புதலைப் பின்தொடரும் வசதியை அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, மேலே கண்ட முகவரிகள் அனைத்துக்கும் முன்னால் 'https:' என்பதை மட்டும் (சாய்கோடுகள் இல்லாமல்) சேர்த்து இந்தச் செயற்கூற்றுக்குக் கொடுத்துப் பாருங்கள். 'நமது.பரிட்சை' மட்டும் அனுமதிப் பட்டியலில் இருந்தால், புதிய பைத்தான் பதிப்புகளில் படி 1-இல் உள்ள முகவரி ஒன்றுதான் தேற வேண்டும். பைத்தான் பதிப்பை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் மீண்டும் ஓட்டுவதற்காக, அந்தச் சரங்களை அப்படியே ஒரு தானியங்குச் சோதனைக் கோப்பில் எழுதி வையுங்கள்.