நீண்ட டிஜே மிக்ஸைப் பாட்டுப் பாட்டாகப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, மண்டபம், தொண்டிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு வேலை கூடியிருக்கிறது. கல்யாண வீட்டில் மூன்று மணி நேரம் ஓடிய டிஜே செட்டை, அதாவது பாட்டோடு பாட்டை இடைவிடாமல் இணைத்து ஓட்டிய மிக்ஸை, மிக்ஸரிலிருந்து பதிவு செய்து, மறுநாள் பாட்டுப் பாட்டாகப் பிரித்துப் பென்டிரைவில் போட்டுத் தரச் சொல்லி வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் செய்யும் தவறுகள் எல்லாம் இத்தொழிலில் பழகியவர்கள் ஒரு காலத்தில் செய்தவைதாம். பெயரில் எழுத்துப்பிழை, தவறான ஃபோல்டர் போன்றவற்றை விட்டுவிடுவோம். அவை தாமாகவே கண்ணில் படும். கண்ணில் படாதவற்றைப் பார்ப்போம்.

மௌனத்தைத் தேடி வெட்டும் வசதியை நம்புவது

மிக்ஸில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மௌனம் கிடையாது. கீழக்கரை, ஏர்வாடிப் பதிவுகளில் மௌனம் வந்தால் அது பெரும்பாலும் பாங்கு சொல்லும் நேரத்தில் செட்டை நிறுத்திய இடம். மென்பொருள் அங்கே ஒரே பாட்டை இரண்டாக்கிவிட்டு, உண்மையில் பாட்டு மாறும் இடத்தைக் கண்டுகொள்ளாமல் போய்விடும்.

புதுப் பாட்டு காதில் விழுந்ததும் குறி வைப்பது

128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 தாள அடி) வேகத்தில் ஒரு அடி 0.469 செகண்ட், நான்கு அடி சேர்ந்த ஒரு பார் 1.875 செகண்ட். டிஜே 32 பார் நீளத்துக்கு இரண்டு பாட்டையும் சேர்த்து ஓட்டினால் அது சரியாக ஒரு நிமிடம். புதுப் பாட்டின் முதல் ஜால்ராச் சத்தம் கேட்ட இடத்தில் குறி வைத்தால், ஏழாவது பாட்டைத் தேடிப் போடுகிறவர் முதல் ஒரு நிமிடமும் ஆறாவது பாட்டைத்தான் கேட்பார். ஆறாவது பாட்டுக்கு முடிவே இருக்காது.

பேஸ், அதாவது பாட்டின் கனத்த அடிச்சத்தம், கைமாறும் இடத்தில் குறி வையுங்கள். பழைய பாட்டின் பேஸை இறக்கிப் புதுப் பாட்டின் பேஸை ஏற்றும் அந்த அடி, அநேகமாக 8 அல்லது 16 பார் கொண்ட ஒரு சுற்றின் முதல் அடியாக இருக்கும். ஒலியை வெட்டி ஒட்டும் மென்பொருளான ஆடாசிட்டியில், ஒலியை அதிர்வெண் வாரியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றி அடியிலுள்ள 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப் பகுதியைப் பெரிதாக்கினால் அந்த இடம் கண்ணுக்கே தெரியும். நம் குத்துப் பாட்டுகள் பலவற்றில் தாளம் ஆறடியாகப் போவதால் திரையிலிருக்கும் நான்கடிக் கட்டத்தை நம்பாதீர்கள். வாயால் எண்ணுங்கள்.

குறியை டிரம் அடியின் மேலேயே வைக்கக்கூடாது. 15 மில்லி செகண்டாவது முன்னால் தள்ளுங்கள். இல்லையென்றால் அடியின் முனை முந்தைய பாட்டின் வாலில் ஒட்டிக்கொள்ளும், புதுப் பாட்டு மழுங்கிப்போய்த் தொடங்கும்.

வெட்டிய துண்டுகளைத் தனித்தனியாக எம்பி3 ஆக்கிவிட்டு மூலப் பதிவை அழிப்பது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் திருத்த வழியில்லை.

பாம்பன் பாலத்தில் வேன் போகிறது. பின்சீட்டில் எல்லோரும் கை தட்டிக்கொண்டு வருகிறார்கள். மூன்றாவது பாட்டு நான்காவதுக்கு மாறும் இடத்தில் ‘டிக்’ என்று ஒரு வெட்டு. தட்டின கைகள் தாளத்தை முந்திவிடுகின்றன. அடுத்த மாற்றத்திலும் அதே ‘டிக்’. டிரைவர் பென்டிரைவைப் பிடுங்கித் துடைத்து மறுபடி சொருகிப் பார்க்கிறார். கோளாறு பென்டிரைவில் இல்லை.

டிஜிட்டல் பதிவில் ஒலியின் ஒவ்வொரு அளவீடும் ஒரு சாம்பிள். எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் கொண்ட ஃபிரேம்களாக அடுக்கிவைக்கும். செகண்டுக்கு 44,100 சாம்பிள் என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 26 மில்லி செகண்ட். நீங்கள் வெட்டிய பாட்டின் நீளம் 1152ஆல் மீதியில்லாமல் வகுபடுவது அபூர்வம். மிச்சமிருக்கும் இடத்தை என்கோடர் (எம்பி3 ஆக்கும் மென்பொருள்) மௌனத்தால் நிரப்பிவிடும். தலைப்பக்கமும் அப்படித்தான்: லேம் என்கோடர் 576 சாம்பிள் தாமதம் சேர்க்கும், திரும்ப விரிக்கும் டிகோடர் 529 சேர்க்கும். மொத்தம் 1105 சாம்பிள், அதாவது 25 மில்லி செகண்ட். வால்பக்க மௌனத்தையும் கூட்டினால் ஒவ்வொரு மாற்றத்திலும் 50 மில்லி செகண்ட் வரை ஓட்டை விழும். 128 பிபிஎம்மில் அது ஒரு அடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆடுகிற கால் தடுக்க அது போதும். பிளேயர் அடுத்த ஃபைலைத் திறக்க எடுக்கும் நேரம் தனி.

எவ்வளவு மௌனம் சேர்த்தோம் என்பதை லேம் என்கோடர் அந்த ஃபைலின் தலையிலேயே எழுதிவைக்கும். அதைப் படித்து நீக்கி ஓட்டும் பிளேயர்கள் உண்டு, கணினியில் ஃபூபார்2000 அப்படி ஒன்று. வண்டிகளில் மாட்டியிருக்கும் மலிவு யூஎஸ்பி பிளேயர்கள் பல அதைப் பார்ப்பதே இல்லை.

இதற்குப் பிறகுதான் பெரிய கூத்து. லேப்டாப்பில் இடம் இல்லை என்று மூன்று மணி நேர வேவ் பதிவை, அதாவது சுருக்கப்படாத மூலத்தை, அழித்துவிடுகிறார்கள். ‘டிக்’ வருகிறது என்று வாடிக்கையாளர் திரும்பி வரும்போது கையில் இருப்பது ஓட்டை விழுந்த நாற்பது எம்பி3. அவற்றை ஒட்டி மறுபடி எம்பி3 ஆக்கினால் தரம் இன்னொரு படி இறங்கும். 16 பிட், 44,100 ஸ்டீரியோ வேவ் ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி, மூன்று மணி நேரத்துக்கு 2 ஜிபிக்கும் குறைவு. தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் ஆக்கினால் இன்னும் குறையும். இந்த இடத்தை மிச்சம் பிடிக்க ஒரு கல்யாண வீட்டின் இரவை அழிப்பதா?

செய்ய வேண்டியது இது. வேவாகப் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டியில் மாற்றம் வரும் இடங்களில் லேபிள் போடுங்கள்: நிறுத்தி வைத்த இடத்துக்குக் கண்ட்ரோல்+பி, ஓடும்போதே போட கண்ட்ரோல்+எம். லேபிள்படி மொத்தமாக வேவ் அல்லது ஃப்ளாக்காக ஏற்றுமதி செய்யுங்கள். எம்பி3 மட்டும் ஓடும் வண்டிக்கு, முழுச் செட்டையும் ஒரே நீள எம்பி3யாக ஒரு ஃபோல்டரில், பிரித்த பாட்டுகளை இன்னொரு ஃபோல்டரில் கொடுங்கள். ஆட்டத்துக்கு முதலாவது, தேடிக் கேட்க இரண்டாவது.

வெட்டு சுத்தமா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. பிரித்த வேவ் துண்டுகளை வரிசையாக இறக்கி ‘அலைன் எண்ட் டு எண்ட்’ கொடுத்து ஒரே டிராக்காகச் சேர்த்து ‘இன்வர்ட்’ செய்யுங்கள், அதாவது அலையைத் தலைகீழாக்குங்கள். மூலப் பதிவை அதற்குக் கீழே வைத்து இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். ஒன்றை ஒன்று அழித்து முழு மௌனம் வர வேண்டும். எங்கே சத்தம் கேட்கத் தொடங்குகிறதோ அந்த இடத்தில் சாம்பிள் போயிருக்கிறது. ஏற்றுமதிக்கு முன்பே குவாலிட்டி அமைப்பில் டிதரை (மென்பொருள் தானே சேர்க்கும் நுண்ணிய இரைச்சல்) ‘நன்’ என்று மாற்றிவிடுங்கள். மறந்தால் அது சோதனையைக் குழப்பும்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஃபேட் போடுவது

முனையில் சத்தத்தை மெல்ல ஏற்றி இறக்கும் ஃபேட், தொடர்ந்து ஓடும் துண்டுகளுக்குத் தேவையில்லை. ஒரு துண்டு முடிந்த சாம்பிளுக்கு அடுத்ததிலேயே மற்றது தொடங்குவதால் வெட்டில் சத்தம் வராது. தனியாகக் கேட்பதற்கான பிரதியில் மட்டும் இரு முனையிலும் 10 மில்லி செகண்ட் போடலாம்.

பாட்டுக்குப் பாட்டு நார்மலைஸ் செய்வது

ஒவ்வொரு பாட்டின் சத்தத்தையும் தனித்தனியாக ஒரே உச்சத்துக்கு ஏற்றும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஏற்றுவதென்றால் வெட்டுவதற்கு முன் முழுப் பதிவையும் ஒரே அளவு ஏற்றுங்கள்.

கியூ ஷீட்டில் கடைசி எண்ணைத் தசமம் என்று நினைப்பது

கியூ ஷீட் என்பது ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் நேரத்தை எழுதிவைக்கும் சிறு ஃபைல். அதன் இண்டெக்ஸ் வரியில் வருவது நிமிடம், செகண்ட், ஃபிரேம். சிடி கணக்கில் ஒரு செகண்டுக்கு 75 ஃபிரேம், ஒரு ஃபிரேமில் 588 சாம்பிள். அதனால் கடைசி எண் 00 முதல் 74 வரைதான் போகும். 12 நிமிடம் 34.50 செகண்டை 12:34:50 என்று எழுதினால் வெட்டு 0.17 செகண்ட் பிந்தி விழும், 128 பிபிஎம்மில் மூன்றில் ஒரு அடிக்கும் மேல். சரியானது 12:34:37. ஒரு மணி நேரம் தாண்டினாலும் மணியைத் தனியாக எழுதக்கூடாது. 1 மணி 23 நிமிடம் என்பது 83.

சிடிக்கு வெட்டினால், குறியைக் கட்டத்தில் ஒட்டவைக்கும் ஆடாசிட்டியின் ஸ்நாப்பை செகண்டுக்கு 75 ஃபிரேமுக்கு வையுங்கள். குறி இரண்டு ஃபிரேமுக்கு நடுவே நின்றால் எப்போதும் முந்தைய ஃபிரேமுக்கே இழுங்கள்.

ரெகார்டர் தானே வெட்டியதைப் பாட்டின் முடிவாக எடுத்துக்கொள்வது

பல ரெகார்டர்கள் 2 ஜிபி ஆனதும் புது ஃபைலைத் தொடங்கிவிடும். 16 பிட், 44,100இல் அது 3 மணி 22 நிமிடத்தில் வரும். 24 பிட், 48,000இல் 2 மணி 4 நிமிடத்திலேயே வந்துவிடும். எல்லாவற்றையும் ஒட்டிய பிறகே குறி வைக்கத் தொடங்குங்கள்.

ஜெனரேட்டரோடு நின்ற பதிவைத் தூக்கிப் போடுவது

பதிவை நிறுத்தும் முன் ஜெனரேட்டரை அணைத்துவிட்டால் வேவின் தலைப்பகுதி முழுதாக எழுதப்படாமல் போகும். ஃபைல் திறக்காது. ஆனால் உள்ளே ஒலி இருக்கும். ஆடாசிட்டியில் ‘இம்போர்ட் ரா டேட்டா’வில் 16 பிட் சைன்டு, லிட்டில் எண்டியன், ஸ்டீரியோ, 44,100, தொடக்கத்தில் 44 பைட் தள்ளு என்று கொடுத்துப் பாருங்கள். காதைக் கிழிக்கும் இரைச்சல் வந்தால் 45 கொடுங்கள். 24 பிட் பதிவென்றால் அதற்கேற்ப மாற்றி, 46ஐயும் பாருங்கள்.

பென்டிரைவில் எல்லாவற்றையும் ஒரே அள்ளாகப் போடுவது

பல மலிவு பிளேயர்கள் பெயரைப் பார்க்காமல், பென்டிரைவில் எழுதப்பட்ட வரிசையில் ஓட்டும். ஒன்பதாவது பாட்டுக்குப் பின் இரண்டாவது வந்தால் மிக்ஸ் சிதறிப்போகும். 1, 2, 10 என்று பெயர் வைக்காமல் 01, 02, 10 என்று வையுங்கள். பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்துவிட்டு, வரிசைப்படி ஒவ்வொன்றாக காப்பி செய்யுங்கள். நாற்பது பாட்டுக்கு மேல் என்றால் பென்டிரைவின் ஃபைல் வரிசையைச் சீராக்கும் சிறு மென்பொருள் ஒன்றை ஓட்டுங்கள். கொடுப்பதற்கு முன் அந்த வண்டியிலேயே சொருகி, ஆறாவதிலிருந்து ஏழாவதுக்கு மாறும் இடத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்.