அல்ஹம்ப்ரா போகிறீர்களா? நுழைவுச்சீட்டில் உள்ள நேரத்தைப் பாருங்கள்
ஸ்பெயினில் கிரனாடா போகிறவர்கள், விமான டிக்கெட் போடும்போதே அங்குள்ள அல்ஹம்ப்ரா கோட்டைக்கும் நுழைவுச்சீட்டு எடுத்துவிடுங்கள். சீட்டில் போட்டிருக்கும் நேரம் கோட்டை வாசலுக்கு அல்ல, உள்ளே இருக்கும் நஸ்ரித் அரச வம்சத்தின் அரண்மனைகளுக்கு. பிரதான வாசலிலிருந்து அங்கே நடக்கவே கால் மணி நேரமாவது ஆகும். தவறவிட்டால் அவ்வளவுதான். பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும், கேட்பார்கள்.

அந்த அரண்மனைகளில் உள்ள சிங்க முற்றத்தில் மட்டும் அவசரமே வேண்டாம். 12 பளிங்குச் சிங்கங்கள் ஒரு தொட்டியைச் சுமந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் தண்ணீர் வழிகிறது. குனிந்து பாருங்கள், தொட்டி விளிம்பைச் சுற்றி அரபுக் கவிதை செதுக்கியிருக்கிறது.

அப்புறம், சாயங்காலம் எதிர்க்குன்றில் உள்ள சான் நிக்கோலாஸ் மேட்டுக்கு ஏறுங்கள். காசு கிடையாது. வெயில் சாயச் சாயக் கோட்டைச் சுவர் சிவக்கும். குளிர்காலமானால் பின்னால் சியரா நெவாடா பனிமலையும் தெரியும். கூட்டம் நெரியும், பையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.