வைக்கிங் வரலாறு: சொற்களை எப்படிப் படித்துக் குறித்துக்கொள்வது

வைக்கிங் வரலாற்றில் புதிதாக நுழைபவரை ஆண்டுகளைவிடச் சொற்களே அதிகம் தடுமாற வைக்கின்றன. ஒரு நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் அரைப்பக்கம் ஒதுக்கி நான்கு விவரங்களை எழுதுங்கள்: பழைய நார்ஸ் (அக்கால ஸ்காண்டிநேவியர் பேசிய மொழி) வடிவம், பொருள், அது அக்காலத்தவரே புழங்கியதா பின்னாளில் வந்ததா, எந்தச் சான்றில் கிடைக்கிறது. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குழப்பம் பிறப்பதும் அங்கேதான்.

முதல் பக்கம் 'வைக்கிங்' என்ற சொல்லுக்கே போகட்டும். பழைய நார்ஸில் 'வீக்கிங்க்ர்' என்றால் கடல்வழி சென்று கொள்ளையடிப்பவன். 'வீக்கிங்' என்றால் அந்தப் பயணம். இது செய்யும் தொழிலைக் குறித்த சொல், இனப்பெயர் அல்ல. அன்றைய ஸ்காண்டிநேவியரில் பெரும்பாலோர் நிலத்தை உழுது, கால்நடை வளர்த்து வாழ்ந்தவர்கள். மக்களையும் மொழியையும் சொல்லும்போது 'நார்ஸ்' என்று எழுதுங்கள். 'வைக்கிங் காலம்' என்பது வரலாற்றாசிரியர்கள் வகுத்த எல்லை: 793இல் லிண்டிஸ்பார்ன் மடாலயத் தாக்குதல், 1066இல் ஸ்டாம்ஃபோர்டு பாலப் போர். இரண்டுமே இங்கிலாந்தில் நடந்தவை. அதனால் கிழக்கே போனால் இந்தக் கணக்கு இடிக்கும். எஸ்டோனியாவின் சால்மேயில் கிடைத்த கப்பல் புதைகுழிகள் 793க்கு முந்தியவை.

சமூகத்தை யார்ல், கார்ல், த்ரால் (பிரபு, சுதந்திரக் குடியானவர், அடிமை) என்று மூன்றாகப் பிரிப்பது 'ரீக்ஸ்தூலா' என்ற கவிதையில் வரும் பிரிவு. அதை அப்படியே சமூக வரைபடமாக வரைந்துவிடாதீர்கள். விடுதலை பெற்ற அடிமை, குத்தகைக்கு உழுபவர் ஆகியோருக்கு அதில் இடமில்லை. த்ராலை 'வேலைக்காரர்' என்று மென்மையாக்கவும் கூடாது; அவர்கள் பிடிக்கப்பட்டு, விற்கப்பட்டவர்கள்.

'திங்' என்பது சுதந்திரமானவர்கள் கூடிச் சட்டமும் வழக்கும் பேசிய அவை. பொருளைக் குறிக்கும் இன்றைய ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் வந்ததுதான் என்பதால் அகராதியில் தேடும்போது கவனம் தேவை. ஐஸ்லாந்தின் பொது அவையான 'ஆல்திங்' 930 வாக்கில் திங்வெட்லிரில் தொடங்கியது. எழுத்தில் சட்டம் இல்லாத காலத்தில் 'சட்டமுரைப்பவர்' ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மூன்றாண்டுகளில் முழுச் சட்டத்தையும் நினைவிலிருந்து ஒப்பித்தார். அங்கே தலைமை வகித்த 'கோதி'யைக் 'குறுநில மன்னர்' என்று மொழிபெயர்ப்பது பெரும் பிழை. அவருடைய அதிகாரம் நிலப்பரப்பின் மீது அமைந்ததல்ல, பின்பற்றுவோரின் மீது அமைந்தது. ஒரு விவசாயி வேறொரு கோதியிடம் மாறிப்போகலாம்; கோதிப் பதவியையே விற்கவும் முடியும். இதைப் பிடித்துக்கொண்டால் ஐஸ்லாந்துச் சச்சரவுகள் பாதி விளங்கிவிடும்.

பணம் பற்றிய சொற்களில் 'மார்க்'கை நாணயம் என்று நினைப்பது வழக்கமான தவறு. அது எடை: 1 மார்க் = 8 அவுரார் (மார்க்கைவிடச் சிறிய எடை அலகு), ஏறத்தாழ 200 கிராமுக்குச் சற்று மேல். வெள்ளியை வெட்டித் தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். அந்தத் துண்டுகளை ஆய்வாளர்கள் 'வெட்டு வெள்ளி' என்கிறார்கள். 'ஃபே' என்ற சொல் கால்நடையையும் செல்வத்தையும் சேர்த்தே குறிக்கும். 'மாடு' என்ற நம் சொல்லுக்கும் செல்வம் என்ற பழம்பொருள் உண்டு என்பதால் தமிழருக்கு இது எளிதில் பதியும். ஃபேயைச் சேர்த்துப் போட்டவர் 'ஃபேலகி', அதாவது கூட்டாளி. ரூன் கற்களில் (ரூன் என்ற பழைய எழுத்தில் பொறித்த நினைவுக்கற்கள்) இச்சொல்லைக் காணலாம். 'டேன்கெல்ட்' (தாக்காமலிருக்க வைக்கிங்குகளுக்குக் கொடுத்த பணம்) வேறு கதை. 991இல் இங்கிலாந்து 10,000 பவுண்டு வெள்ளி கொடுத்துத் தாக்குதலை நிறுத்த முயன்றபோது அதற்கு அந்தப் பெயர் இல்லை. பெயர் 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் வந்தது.

ஆட்பெயர்களில் 'ஹரால்ட்ர்', 'ஹரால்ட்' இரண்டும் ஒருவரே. கடைசி 'ர்' எழுவாய் விகுதி. லேஃப் எய்ரிக்சன் என்றால் எய்ரிக்கின் மகன் லேஃப். குடும்பப் பெயர் அல்ல என்பதால் உங்கள் அட்டவணையில் 'லே' வரிசையில் சேருங்கள்.

'சாகா'வை (பழைய நார்ஸில் எழுதப்பட்ட நீண்ட உரைநடைக் கதை) மேற்கோள் காட்டும்போதெல்லாம் இரண்டு காலங்களைக் குறியுங்கள்: நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலம், எழுதப்பட்ட காலம். ஐஸ்லாந்துக் குடும்பச் சாகாக்கள் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. பேசுவதோ 10, 11ஆம் நூற்றாண்டுகளை. அவற்றினூடே வரும் ஸ்கால்டுகளின் (அக்கால நார்ஸ் புலவர்கள்) செய்யுள்கள், யாப்பின் கட்டுக்கோப்பால், உரைநடையைவிடப் பழமையானவையாக இருக்கக்கூடும். செய்யுளில் வரும் சொல்லையும் உரைநடையில் வரும் சொல்லையும் நோட்டில் வெவ்வேறு வரியில் எழுதுங்கள்.