பேஸ் வேண்டுமென்றால் முதலில் அளவு டேப்பை எடுங்கள்

தேனிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து, நெஞ்சுக்குள் யாரோ முட்டியால் குத்துவது மாதிரி பேஸ் (பாட்டின் கனத்த கீழ் ஸ்வரங்கள்) வாங்கிக்கொண்டே உசிலம்பட்டி வரை போனவர்களுக்கு, வீட்டிலும் அதே அடி வேண்டும் என்று ஆசை வருவது சகஜம். எனக்கும் வந்தது. கடையில் சப்வூஃபர் (பேஸை மட்டும் வாசிக்கும் பெட்டி, சுருக்கமாகச் சப்) குமிழை முழுக்கத் திருகிவிட்டு ஒரு குத்துப்பாட்டைப் போட்டார்கள், ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது, பில் போட்டுவிட்டேன். வீட்டில் வைத்தால் எல்லாப் பாட்டுக்கும் ஒரே ‘டும்’. உறுமியும் டும், காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மும் டும், பேஸ் கிட்டாரும் டும். செட்டைத் திட்டியே மூன்று மாதம் ஓட்டினேன். கோளாறு பாதி செட்டில், மீதிப் பாதி என் ரூமில் இருந்தது.

அதனால் விலை விசாரிப்பதற்கு முன்னால் ரூமை அளங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும், அடிக்கணக்கில். 570-ஐ அந்த அடியால் வகுத்தால், அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே எந்த ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) தேங்கி நின்று ஊதும் என்பது கிடைத்துவிடும். (நம்ம ஊர் வெக்கையில் சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 1,140 அடி ஓடும், அதில் பாதிதான் இந்த 570.) 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, 14 அடிக்கு 41 வாக்கில் வரும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், கிக் டிரம்மின் அடி பெரும்பாலும் 50-லிருந்து 100-க்குள், இப்போதைய கம்ப்யூட்டர் பாட்டுகளின் சப்-பேஸ் 30, 40 வரைகூட இறங்கும். என் ரூம் பத்துக்குப் பத்து, உயரமும் பத்து. மூன்று பக்கமும் ஒரே 57-ஐத் தூக்கிக் கொடுக்கிறது, அதுவும் சரியாகக் கிக் விழும் இடத்தில். அப்புறம் எப்படி டும் கேட்காமல் இருக்கும்? தளம் போட்ட வீடு, செங்கல் சுவர், டைல்ஸ் தரை என்றால் இந்த ஊதல் இன்னும் ஜாஸ்தி, ஏனென்றால் பேஸ் வெளியே கசிய வழியே இல்லை. அடுப்படியோடு சேர்ந்த திறந்த ஹால் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர், அங்கேயே வையுங்கள்.

சுவரில் போர்வை தொங்கவிடுவது, பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைப்பது எல்லாம் குரலுக்கும் ஜால்ராவுக்கும் நல்லதுதான், ஆனால் 57 ஹெர்ட்ஸின் ஓர் அலை 20 அடி நீளம், அது உங்கள் மெத்தையைக் கண்டு மிரளாது.

பஸ்ஸில் மட்டும் எப்படி அப்படி அடிக்கிறது என்றால், ஜன்னல் சாத்திய சின்னக் கூண்டுக்குள் கீழ் ஸ்வரங்கள் தானாகவே தூக்கிக்கொள்ளும். கோயில் கொடைக்குச் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் ஆளுயரத்துக்கு 18 இன்ச் பாக்ஸ் அடுக்குவது நேர்மாறான காரணத்துக்கு, திறந்தவெளியில் பேஸைத் தாங்கிப் பிடிக்க ஒரு சுவர்கூட இல்லை. அதைப் பார்த்து ஆசைப்பட்டு பழைய டிஜே பாக்ஸை வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். அவை தூரத்துக்குக் கேட்கச் செய்தவை, பல பாக்ஸ்கள் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் மூச்சு வாங்கும்.

இப்போது வாட்ஸ். அட்டைப்பெட்டியில் 5,000 வாட்ஸ், 10,000 வாட்ஸ் பிஎம்பிஓ (கண நேர உச்சத்தை வைத்துப் போடும் விளம்பரக் கணக்கு) என்று போட்டிருந்தால் படித்துச் சிரித்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுங்கள். கேட்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது விடாமல் தரக்கூடிய வாட், எவ்வளவு என்பது மட்டும். ஊரில் அசெம்பிள் செய்பவர்கள் ஆசையாகப் போடும் 4440 ஐசி (ஆம்ப்ளிஃபயர் சிப்) போர்டையே எடுங்கள், டேட்டாஷீட்டில் சானலுக்கு 6 வாட், இரண்டு சானலையும் ஒன்றாகச் சேர்த்து பிரிட்ஜ் போட்டால் 19 வாட், அவ்வளவுதான் கம்பெனியே சொல்வது. அதை 200 வாட்ஸ் என்று விற்பார்கள். ஆனால் ஒன்று, 6 வாட் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஸ்பீக்கரின் பின்னால் சென்சிட்டிவிட்டி 87 டெசிபெல் என்று இருந்தால், ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் வரும், அது டிராஃபிக் உள்ள ரோட்டோர இரைச்சல் அளவு. சத்தம் 3 டெசிபெல் கூட வாட் இரண்டு மடங்கு வேண்டும், காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்கு. ஆகவே 40 வாட்டா 60 வாட்டா என்று கடையில் மல்லுக்கட்டுவது வீண், 84 சென்சிட்டிவிட்டியா 90-ஆ என்று கேளுங்கள், நான்கு மடங்கு வாட் அங்கேயே இருக்கிறது.

பேஸுக்கு வாட்டைவிடக் காற்றைத் தள்ளும் பரப்பு முக்கியம். ஒரு ஸ்வரத்தை அதே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே இறக்க, கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் ஆடினால் 40-ல் நான்கு மில்லிமீட்டர். உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் அது முடியாது, விளம்பரம் என்ன சொன்னாலும் சரி. ஐந்து குட்டி ஸ்பீக்கரும் ஒரு சப்பும் வரும் மலிவு 5.1 செட்டுகளின் பிரச்சினை இதுதான். மூன்று இன்ச் குட்டிகள் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது, அந்த வேலையும் சப்பின் தலையில் விழும், ஆண் பாடகரின் குரலில் பாதி மூலையிலிருக்கும் பெட்டிக்குள்ளிருந்து வரும். பேய்ப்படத்துக்கு ஆகும், பாட்டுக்கு ஆகாது.

சின்ன வயதில் பலர் வீட்டில், டீக்கடையில், ஒரு ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டில் இருந்தது மானாமதுரைப் பானை. என் சித்தப்பா அதன் அடியில் ஒரு துளை போட்டு வயரை விட்டு, விளிம்பைச் சுற்றிச் சைக்கிள் டியூபை ஒட்டி, ஸ்பீக்கரை அதன்மேல் உட்கார வைத்தார். டியூப் இல்லாமல் வைத்தால் பானை கிணுகிணுக்கும். அந்தக் கைவைத்தியத்துக்குள் முழு சயின்ஸும் இருக்கிறது. கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் ஒன்றுக்கொன்று எதிர், இரண்டும் கலந்தால் பேஸ் செத்துப்போகும், பானை இரண்டையும் பிரித்து வைக்கிறது. மூடிய பெட்டி செய்வதும் இதே வேலைதான். துளை வைத்த போர்ட் பெட்டி ஒரு படி மேலே போய், பின்பக்கக் காற்றை ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் திருப்பி உபயோகிக்கிறது, அதனால் அதே விலைக்குச் சத்தம் அதிகம். மோசமாகச் செய்தால் அந்த ஒரே ஸ்வரத்தில் நின்று ஊதும். சின்ன ரூம், அதிலும் என்னுடையது மாதிரி சதுர ரூம் என்றால் மூடிய பெட்டி கிடைத்தால் அதையே எடுங்கள் என்பேன். பெரிய ஹாலுக்குப் போர்ட் சரி.

காசு விஷயம். 20,000 ரூபாய் கையில் இருக்கிறது என்றால் முதல் நாளே எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். 5 அல்லது 6.5 இன்ச் வூஃபர் உள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கருக்குப் பாதிக்கு மேல், ஒரு குட்டி கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயருக்கு நாலைந்தாயிரம், மீதியைத் தொடாதீர்கள். டிபிஏ3116 சிப் போட்ட கைக்கடக்கமான ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன, 4 ஓம் ஸ்பீக்கருக்கும் 21 வோல்ட் அடாப்டருக்கும் சானலுக்கு 50 வாட் என்று சிப் தயாரித்தவர்களே சொல்கிறார்கள், கூட வரும் அடாப்டர் சோப்ளாங்கியாக இருந்தால்தான் வராது. ஆறு மாதம் இப்படிக் கேளுங்கள். அப்புறமும் கீழே பள்ளமாகத் தெரிந்தால் 8 அல்லது 10 இன்ச் சப் ஒன்று சேருங்கள். வாங்கப்போகும் ஆம்ப்ளிஃபயரில் சப்பைச் சொருகும் ‘சப் அவுட்’ இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஸ்பீக்கர் வயருக்கு வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 ஸ்கொயர் செம்பு வயர் பத்தடிக்குத் தாராளம், தங்க முலாம் பூசிய வயர் எல்லாம் மாப்பிள்ளை முறுக்கு.

பழைய சாமான் எடுப்பதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. 80-களின் சோனோடைன், காஸ்மிக் செட்டுகள் இன்றைக்கும் யார் வீட்டுப் பரணிலிருந்தாவது இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. வாங்கப் போனால் கிரில்லை, அதாவது முன்பக்க வலையை, கழற்றச் சொல்லுங்கள். கோனைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோமா (பஞ்சு மாதிரி இருப்பது) ரப்பரா பார்க்கணும், ஃபோம் என்றால் விரலால் லேசாகத் தொட்டாலே மாவாக உதிரும், வயசு அப்படி. உதிர்ந்தாலும் விட்டுவிட வேண்டாம், ஃபோம் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், விலையில் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு கை விரல்களையும் கோனின் இரு பக்கமும் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள், காதைக் கிட்டே வைத்து. சத்தமே வரக்கூடாது. மணல்தாளைத் தேய்த்த மாதிரி ‘சர்ர்’ என்றால் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) உரசுகிறது, வந்த வழியே திரும்பிவிடலாம்.

புதுசு வாங்க மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் போனால் உங்கள் பாட்டை உங்கள் போனில் கொண்டு போங்கள். ஈக்வலைசர், ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு, பேசினால் கேட்கிற அளவுச் சத்தத்தில் கேளுங்கள். பேஸ் கிட்டார் ஏறி இறங்கி நடக்கும் பாட்டாக இருக்கட்டும். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா, இல்லை எல்லாம் ஒரே ஸ்வரமாகக் குழம்புகிறதா, பார்க்க வேண்டியது அது ஒன்றுதான். இரண்டு செட்டை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கணும், கொஞ்சம் சத்தமாக வைத்தது எப்போதுமே நல்லதாகத் தெரியும், கடைக்காரருக்கும் இது தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சப்பை மூலையில் தள்ளாதீர்கள். மூலையில் சத்தம் ரொம்ப வரும், ஊதலும் அங்கேதான் ரொம்ப. ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. நீங்கள் உட்காரும் நாற்காலிமேல் சப்பை ஏற்றி வைத்து, பேஸ் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, நீங்கள் தரையில் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் ஸ்வரங்கள் பிரிந்து சுத்தமாகக் கேட்கிறதோ அங்கே சப், நாற்காலியில் நீங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நாற்காலியையும் ரூமின் நட்ட நடுவில் போட வேண்டாம், அங்கே அந்த 57-ம் 47-ம் காணாமலே போய்விடும், சுவரோடு ஒட்டினால் மேலே விழுந்து அமுக்கும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் போட்டுப் பாருங்கள். சப்பின் கிராஸ்ஓவர் (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப் வாசிக்க வேண்டும் என்ற குமிழ்) 80-ல் ஆரம்பிக்கலாம், சத்தத்தை, சப் ஓடுவது தெரியாமல் அணைத்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு வையுங்கள்.

திருமங்கலத்தில் என் மச்சினன் ஒரு நல்ல ஜோடி வாங்கி, பேஸே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் மாமா என்று போன் போட்டான். போய்ப் பார்த்தால் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தது. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது, பேஸ் நடுவிலேயே அடிபட்டுப் போகிறது. மாற்றிச் சொருகிய நொடியில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சந்தேகம் இருந்தால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு பென்சில் பேட்டரியை வயரில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், பிளஸ்ஸுக்குப் பிளஸ் பட்டால் கோன் வெளியே வரும்.

அப்புறம் ஒரு ‘ஜ்ஜ்ஜ்’ கேட்கும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பதறுவீர்கள். என் வீட்டில் அது பீரோ கதவு. அதை அடக்கினால் டியூப்லைட் பட்டி, அதை அடக்கினால் பரணில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் அண்டா. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, 30-லிருந்து 100 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் எந்தச் சாமான் எந்த ஹெர்ட்ஸில் ஆடுகிறது என்று ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடலாம். சத்தத்தைக் குறைத்துத்தான், முழு வேகத்தில் 30 ஹெர்ட்ஸை விட்டால் காயில் கருகும். கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஓடும்போது மட்டும் ‘ங்ங்’ என்றால் அது செட்டின் தப்பு அல்ல, பல மலிவு இன்வர்ட்டர்கள் லைன் கரண்ட் மாதிரி வழவழப்பான சைன் வேவ் தருவதில்லை.

பொதுச்சுவர் வைத்த வரிசை வீடுகளில் சப்புக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் போடுங்கள், இரவு பத்து மணிக்கு மேல் சப்பை அணைத்துவிடுங்கள், பக்கத்து வீட்டுக்கு உங்கள் பாட்டு கேட்காது, அந்த அடி மட்டும்தான் தலைமாட்டில் விழும். போர்ட் பெட்டி வாங்கினவர்கள் கேட்காத நேரத்தில் துளைக்குள் ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டிச் சொருகி வையுங்கள். சப்பில் ஏதோ உருள்கிறது என்று போன மாதம் கவிழ்த்தபோது என்னுடையதிலிருந்து மூன்று பல்லி முட்டை விழுந்தது.